டப்பாவுக்குப் பக்கத்தில்

தெருவில் அவருக்குச் சோடா என்று பெயர். எந்த விருந்துக்குப் போனாலும், மற்றவர் கையில் எது இருந்தாலும், அவர் கையில் ஒரு சோடா பாட்டில்தான் இருக்கும். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவரோ அதைத் தங்கப் பதக்கம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தார்.

மரச் சாமான்களுக்குப் பாலீஷ் போடுவது தொழில். வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகைதான் பட்டறை. சமையலறைக் கதவைத் திறந்தால் பட்டறை, பட்டறைக் கதவைத் திறந்தால் சந்து. அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைப் பழைய துணியில் முடிந்து, அதில் தோய்த்து மரத்தின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். காய்ந்ததும் மறுபடி தேய்க்க வேண்டும். தோள்பட்டை கழன்று விழுகிற வேலை. ஆனால் முடித்துவிட்டுப் பார்த்தால் கதவில் முகம் தெரியும். ஸ்பிரிட் கையில் பட்டால் அவருக்குத் தோல் சிவந்து எரியும். அதனால் எப்போதும் ரப்பர் கையுறை. "உடம்பே ஏத்துக்க மாட்டேங்குது பாரு, அவ்வளவு சுத்தமான உடம்பு" என்று அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அவருக்கு எதிரே உட்கார்ந்து வெறுங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தவன் அவருடைய தம்பி. வீட்டில் சின்னவன் என்பார்கள். வயது நாற்பதைத் தொட்ட பிறகும் சின்னவன்தான். கை வேலையில் அண்ணனை விட அவன் ஒரு படி மேல். குடியில் யாரை விடவும் மேல்.

அப்பாவைக் குடிதான் கொண்டுபோனது. அதை இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். பார்த்ததில் அண்ணன் ஒரு பக்கம் போனார், தம்பி இன்னொரு பக்கம் போனான். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே பாயில் படுத்து, ஒரே அடி வாங்கி வளர்ந்த இரண்டு பேர் எப்படி இப்படிப் பிரிந்தார்கள் என்று யாராவது கேட்டால் சோடாவிடம் பதில் தயாராக இருக்கும். "வைராக்கியம் வேணும்ங்க. அது ஒருத்தனுக்கு இருந்துச்சு, இன்னொருத்தனுக்கு இல்ல. அவ்வளவுதான் சங்கதி."

தம்பிக்கு அந்த வைராக்கியத்தைப் புகட்ட அவர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஸ்பிரிட் டப்பாவைத் திறந்து சின்னவனுக்குப் பக்கத்திலேயே வைப்பார். அவன் தள்ளி வைத்தால் மறுபடி இழுத்து வைப்பார்.

"வாசம் இழுக்குதுண்ணே. மூடி வையேன்."

"இழுக்கும். இழுக்கும்போது உட்கார்ந்திருக்கணும். நான் உட்கார்ந்திருக்கல? எனக்கு மட்டும் மூக்கு இல்லையா?"

பட்டறை ஸ்பிரிட்டைக் குடித்தால் கண் போய்விடும், உயிரும் போகும் என்று சின்னவனுக்குத் தெரியும். அதை அவன் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. ஆனால் மதியம் நெருங்க நெருங்க அவன் தேய்க்கிற வட்டம் சின்னதாகும். டீ குடிச்சிட்டு வரேன் என்று எழுந்து போவான். திரும்பி வரும்போது அவனை டீக்கடையிலிருந்து வந்தவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வருஷக்கணக்காக இதே கூத்து. வைத்தியம் பலிக்கவில்லையே, வைத்தியத்தில் ஏதாவது கோளாறோ என்று சோடா ஒருதரம்கூட யோசித்ததில்லை. நோயாளியிடம்தான் கோளாறு என்று வைத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு நாள், பாலீஷ் காயாத பெரிய சாப்பாட்டு மேசை மேல் சின்னவன் தடுமாறிக் கையை ஊன்றிவிட்டான். உள்ளங்கையும் ஐந்து விரலும் அச்சு வார்த்தது போலப் பதிந்துவிட்டன. மேசையை மறுநாள் கொடுத்தாக வேண்டும். சோடா எழுந்தார். உள்ளே போய்த் தம்பியின் துணிமணிகளை ஒரு பையில் அடைத்துச் சந்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு உட்கார்ந்து அந்தக் கையை உப்புத்தாளால் தேய்த்து அழித்தார்.

அதற்கப்புறம் வந்த செய்தி, சின்னவன் பேருந்து நிலையத்தில் ரத்தவாந்தி எடுத்து விழுந்து கிடந்தான், யாரோ பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்பதுதான். சோடாவின் மனைவிதான் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் போகவில்லை.

"பிழைச்சுட்டாரு," என்று ஒரு நாள் வந்து சொன்னாள். "இந்த வாரக் கடைசியில வீட்டுக்கு அனுப்பறாங்களாம். வீட்டு ஆளு ஒருத்தர் வந்து பொறுப்பா கூட்டிட்டுப் போகணுமாம்."

"யாரு வீட்டுக்கு?"

"என்னங்க கேள்வி இது? அவருக்கு எத்தனை வீடு இருக்கு?"

அவர் பஞ்சைத் தோய்த்துக்கொண்டே இருந்தார்.

"கூட்டிட்டுப் போக ஆள் இல்லேன்னா அவங்களால வச்சிக்க முடியாதாம். மறுபடி அந்த பஸ் ஸ்டாண்டுதான். இன்னொரு தடவை இப்படி விழுந்தா ஈரல் தாங்காது, அப்புறம் கூட்டிட்டுப் போங்கன்னு எங்களுக்குச் சொல்ல வேண்டிய வேலையே இருக்காதுன்னு டாக்டர் சொல்றாரு."

"திமிரு புடிச்சவனுக்கு ஈரல் எப்படித் தாங்கும்?"

"சரி, திமிருன்னே வச்சுக்கங்க. திமிரு புடிச்சவனைச் சாக விட்டுடலாமா?"

முகம் தெரிகிற கதவை இன்னும் கொஞ்சம் தேய்த்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியது டாக்டர் இல்லை. அங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது என்றும், குடிக்கு அடிமையானவர்களின் குடும்பங்களில் குடிக்காத அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் அவர்களிடமிருந்தும் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்றும், உங்கள் தம்பி சம்மதித்துக் கொடுத்துவிட்டார், உங்களுக்கு இஷ்டம் இருந்தால் வரலாம் என்றும் ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது.

"ரத்தத்துல என்ன பாப்பீங்க?"

"குடிப்பழக்கம் சில பேரை மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் பிடிச்சுக்குதுங்கறதுக்கு, பரம்பரையா வர்ற காரணம் எதுவும் இருக்கான்னு தேடறோம்."

சோடாவுக்கு உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. இத்தனை வருஷமாகச் சொன்னதை ஆஸ்பத்திரியே சொல்லப்போகிறது. ஒரே ரத்தம், ஒருத்தன் குடிக்கிறான், ஒருத்தன் தொடுவதில்லை. ஆகவே ரத்தத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் கொழுப்பு. இதை ஒரு படித்தவர் வாயால் கேட்டுவிட்டால் அப்புறம் வீட்டில் அவள் வாயைத் திறக்க முடியாது. தம்பியை ஏன் அழைத்து வரவில்லை என்று தெருவில் யாரும் கேட்க முடியாது. அவர் மனசும்தான் கேட்க முடியாது. சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"ஆஸ்பத்திரிக்கா?" என்று மனைவி முகம் மலர்ந்து கேட்டாள்.

"ரத்தம் குடுக்க. வேற எதுக்கும் இல்ல" என்றார்.

ஆராய்ச்சி அறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. கைவைத்த நாற்காலி ஒன்று, சுவரோரம் ஓயாமல் முனகும் குளிர்பெட்டி ஒன்று, மேசை மேல் மூடி போட்ட கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொரு குழாயிலும் பெயர் இல்லை, எண்தான். போனில் பேசிய அம்மாள் அவர் நினைத்ததை விடச் சின்ன வயது. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு.

"உட்காருங்க சார். ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா அம்மாதானே?"

"வேற எப்படி இருக்கும்?" என்று சோடா நிமிர்ந்தார்.

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், கோவிச்சுக்காதீங்க." அவள் சிரித்தாள். "ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே சாப்பாடு. ஒருத்தர் மாட்டிக்கிட்டார், ஒருத்தர் மாட்டிக்கலை. அப்படிப்பட்டவங்க ரத்தத்துல எங்கெங்க வித்தியாசம்னு பாத்தா, எங்களுக்கு ஏதாவது தடயம் கிடைக்கும். உங்களை மாதிரி நிறைய குடும்பம் வராங்க."

"வித்தியாசம் இருக்காது மேடம். எழுதி வச்சுக்கங்க. வித்தியாசம் புத்தியிலதான்."

"இருக்கலாம் சார். பாத்தாதானே தெரியும்?"

ரத்தம் எடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு அவருடைய கையின் உட்பக்கத்தில், முழங்கைக்குக் கீழே, சின்னப் பஞ்சு வைத்த பிளாஸ்டர் இரண்டை அடுத்தடுத்து ஒட்டினாள்.

"இது என்ன?"

"ஒண்ணுல வெறும் தண்ணி. இன்னொண்ணுல கொஞ்சம் ஆல்கஹால். தோல் என்ன சொல்லுதுன்னு பாக்கத்தான். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க சோடா பேசினார். அப்பாவைப் பற்றிச் சொன்னார். டப்பா வைத்தியத்தைச் சொன்னார். மேசையில் பதிந்த கையைச் சொன்னார். எந்த விருந்திலும் தன் கையில் சோடா மட்டுமே இருந்த கதையைச் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு, நேரம் ஆனதும் பிளாஸ்டர்களை மெல்ல உரித்தாள்.

ஒன்றின் கீழே தோல் அப்படியே இருந்தது. மற்றதன் கீழே, முத்திரை குத்தியது போல, சதுரமாக, பழுக்கச் சிவந்திருந்தது.

"இது தண்ணியா?" என்று கேட்டார் சோடா. கேட்கும்போதே தண்ணீர் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"சார், எப்பவாவது ஒரு வாய் குடிச்சுப் பாத்திருக்கீங்களா? சின்ன வயசுல?"

"ஒரே ஒரு தடவை. கூட வேலை பாத்தவன் வீட்டு விசேஷத்துல. ரெண்டு மொடக்கு. இது நமக்கு வேண்டாம்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

"அந்த ரெண்டு மொடக்குக்கு உடம்பு என்ன பண்ணுச்சு?"

அவர் வாயைத் திறந்தார். காலம் காலமாகச் சொல்லிவந்த கதையில் அந்த இடம் இல்லை. முடிவு எடுத்த இடம் மட்டும்தான் இருந்தது. இப்போது அந்தப் பெண் கேட்டதும், மேல் பூச்சை உரசி எடுத்தால் கீழே பழைய மரம் தெரிவது போல அது தெரிந்தது. முகம் கொதித்தது. காது இரண்டும் நெருப்பாக எரிந்தன. நெஞ்சு அடித்துக்கொண்டதில் செத்துப்போகிறோம் என்று பயந்தார். கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பின்பக்கம் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். முடிவு எல்லாம் அதற்குப் பிறகுதான், படுத்துக்கிடந்தபோது.

அதை அப்படியே சொன்னார். குரல் தாழ்ந்துபோயிருந்தது.

"வீட்டுல வேற யாருக்காவது இப்படி உண்டா?"

"எங்கம்மாவுக்கு... இருமல் மருந்து குடிச்சாக்கூட முகம் சிவந்துடும். ஒரு மூடி மருந்துக்கே உனக்கு ஏறிடுச்சான்னு அப்பா சிரிப்பாரு."

அவள் தலையசைத்தாள். "குடிச்சது உடம்புக்குள்ள போனா ரெண்டு கட்டமா கரையணும் சார். சில பேருக்கு ரெண்டாவது கட்டம் சரியா நடக்காது. அந்த விஷம் அப்படியே தங்கி முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். அது பரம்பரையா வர்றது. அப்படி இருக்கறவங்க பெரும்பாலும் குடிக்குப் போறதில்லை. போனாலும் அதுல நிலைக்க முடியறதில்லை. உங்களுக்கு அது இருக்கும்னு இந்தக் கை சொல்லுது."

"அப்ப நான் குடிக்காம இருந்தது..."

"உங்க மனசும் சேர்ந்துதான் இருக்கும். நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா உடம்பு உங்களுக்குக் கதவைச் சாத்தி வச்சிருந்தது."

குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்தது. சோடா தன் கையைப் பார்த்தார். எத்தனை வருஷமாகக் கையுறை போட்டு மூடி வைத்திருந்த கை.

"தம்பிக்கு இது இல்லையா?"

"அவர் விஷயத்தை நான் சொல்லக் கூடாது. அவர்கிட்டயே கேளுங்க." பிளாஸ்டர்களைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுச் சொன்னாள். "ஒண்ணு மட்டும் சொல்றேன். தப்பா எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க. இந்தச் சிவப்பு இல்லாதவங்க எல்லாம் குடிக்கவே பிறந்தவங்கன்னு அர்த்தம் இல்லை. உலகத்துல பெரும்பாலான பேருக்கு இது கிடையாது, அவங்க எல்லாம் குடிச்சே சாகறாங்களா? இது எங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு காரணம். இன்னும் சின்னச் சின்னதா எத்தனையோ இருக்கு, அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம். எல்லாம் சேர்ந்து ஒருத்தரைச் சரிவுல நிக்க வைக்கும். கட்டாயம் தள்ளி விட்டுடும்னு இல்லை. ஆனா சரிவுல நிக்கறவருக்குப் பிடிமானம் கூடுதலா வேணும்."

சரிவில் நிற்கிறவன் என்றதும் அவருக்குச் சின்னவனின் முகம் வரவில்லை. டப்பாதான் வந்தது. அவன் தள்ளி வைக்க வைக்க, இழுத்து இழுத்து அவன் பக்கத்தில் வைத்த தன் கை வந்தது.

வாசலுக்குப் போக வேண்டியவர் படியேறி மாடிக்குப் போனார்.

வார்டில் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. ஜன்னலோரக் கட்டிலில் சின்னவன் உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான். சட்டைக்குள் தோள் எலும்பு மரக்கொக்கி மாதிரித் துருத்திக்கொண்டிருந்தது. கண்ணில் மட்டும் குடி ஏற்றிய பழைய மஞ்சள் கொஞ்சம் குறைந்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தான்.

"உட்காருடா."

பக்கத்துக் கட்டிலில் கனத்த உடம்புக்காரர் ஒருவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். லாரி ஓட்டுகிறவர். இந்த வார்டுக்கு அவர் புதுசு இல்லை என்று படுத்திருந்த தோரணையே சொன்னது.

"இவர்தானா?" என்று லாரிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "அண்ணே, வாங்க வாங்க. உங்க தம்பி உங்களைப் பத்திப் பேசியே எங்களைக் கொன்னுட்டாரு. எங்கண்ணன் ஒரு சொட்டு தொட்டதில்ல, பக்கத்துல ஸ்பிரிட் டப்பாவை வச்சிக்கிட்டே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாரு, அப்படீன்னு. ஏதோ சாமியாரு வரப்போறாருன்னு பாத்தா, நம்மளை மாதிரித்தான் இருக்கீங்க."

"சும்மா இரு," என்றான் சின்னவன் வெட்கத்தோடு. பிறகு அண்ணனிடம், "ஒரே வயித்துல பொறந்த அவராலயே முடியுதுன்னா என்னாலயும் முடியணும்ல. அதை நினைச்சுக்கிட்டுத்தாண்ணே இங்க ஒவ்வொரு நாளும் ஓட்டறேன். கை நடுங்கும்போது உன் மூஞ்சியைத்தான் நினைப்பேன். எவ்வளவு கோவமா இருந்தாலும் அந்த மூஞ்சிதான்."

சோடாவுக்குச் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொள்ளத் தோன்றியது. இறக்கிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இவனுக்கு ஒரு பிடிமானம், தனக்கு ஒரு பதக்கம், இரண்டும் அப்படியே இருக்கும். விரல் மடிப்பைப் பிடித்தும்விட்டது. பிறகு அவர் கையைத் திருப்பித் தம்பியின் மடியில் வைத்தார்.

"இதைப் பாரு."

"எனக்கும் ஒட்டுனாங்க. காலையில." சின்னவன் தன் கையை நீட்டினான். பிளாஸ்டர் பிடுங்கியதில் நாலு முடி போயிருந்தது. மற்றபடி தோல் வெள்ளைத்தாள் மாதிரி சுத்தமாக இருந்தது. இரண்டு கைகளும் அடுத்தடுத்துக் கிடந்தன. "உனக்கு என்னண்ணே இப்படிச் செவந்திருக்கு?"

சோடா சொன்னார். ஆராய்ச்சிக்கார அம்மாள் சொன்னதைத் தனக்குப் புரிந்த மட்டில் சொன்னார். விருந்து வீட்டில் எடுத்த வாந்தியையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது லாரிக்காரர்கூடச் சிரிக்கவில்லை.

சின்னவன் முதலில் அண்ணன் கையையே பார்த்தான். பிறகு அவன் முகம் மெல்லக் கோணியது.

"அப்ப உனக்கு அது இழுக்கவே இல்ல."

"இல்லடா."

"ஒருநாளும்?"

"நாத்தம்தான் தெரியும். இழுப்பு தெரியாது."

"எனக்கு அது மூக்கு வழியா உள்ள வந்து உயிரைப் புடிச்சு ஆட்டும்ணே. மூடி வையின்னு எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன். நீ சிரிச்சிக்கிட்டே இழுத்து வச்ச."

"ஆமா."

"நான் பாவின்னு நினைச்சேன். நீ இருக்க, என்னால முடியலையே, என்ன ஜென்மம்டா நானுன்னு. அந்த நினைப்புக்கே போய்க் குடிச்சிருக்கேன்." ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அங்கேயே பார்த்தபடி சொன்னான். "நீ இதைச் சொல்லாம இருந்திருக்கலாம்ணே. உன்னை நம்பித்தான் எழுந்து உட்கார்ந்தேன். இனிமே நான் யாரைப் பாத்து நிக்கறது?"

"சொல்லாம இருந்தா, வீட்டுக்கு வந்ததும் மறுபடி டப்பாவை உன் பக்கத்துல வச்சிருப்பேன்டா."

வீட்டுக்கு என்ற வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததை சோடாவே அப்போதுதான் கேட்டார். சின்னவனும் கேட்டான். திரும்பினான்.

"ஏம்ப்பா, யாரைப் பாத்து நிக்கறதுன்னு கேட்டியே," என்றார் லாரிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு. "என்னைப் பாரேன். இது எனக்கு எத்தனாவது கட்டில்னு நர்சம்மாவுக்கே கணக்கு தெரியாது. ஆனா ஒவ்வொரு தடவை வெளியில போறப்பவும் முன்னைவிடக் கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் விழறேன். உங்கண்ணனைப் பாத்து உனக்கு என்ன தெரியும்? சிவக்கறவருக்கு நம்ம கஷ்டம் என்ன தெரியும்? தள்ளாடறவன்தான் தள்ளாடறவனுக்கு வழி சொல்லணும்."

"நீயே கட்டில்ல இருக்க. நீ வழி சொல்றியா?"

"குழி எங்கெங்க இருக்குன்னு எனக்குத்தானேப்பா தெரியும்!"

சின்னவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகி நின்றது. சோடா அவன் முதுகில் கை வைக்கலாமா என்று யோசித்தார். எத்தனையோ வருஷமாக வைத்ததில்லை. வைத்தார். எலும்பெல்லாம் கையில் தட்டியது.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் பட்டறைக்குள் போய் நின்றார். முன்பு டப்பாவில் மட்டும் தெரிந்த வாசம் இப்போது எங்கும் தெரிந்தது. பஞ்சில், துணியில், மேசைக் காலில், தரையில், சமையலறைக் கதவில், எல்லாவற்றிலும் ஊறிக்கிடந்தது. இதற்குள்தான் அவனைப் பிடித்து உட்கார வைத்திருந்தார். மீன் கடைக்குள் பூனையைக் கட்டி வைத்துவிட்டு, மீனைப் பார்க்காதே என்று அடித்த மாதிரி.

"என்னங்க? என்ன சொன்னாங்க? எழுதிக் குடுத்தாங்களா, திமிருன்னு?" என்று மனைவி கதவில் வந்து நின்றாள்.

அவர் கையைக் காட்டினார். அவளுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. அவர் முகமே போதுமானதாக இருந்தது. பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்த கதையை அவர் சொல்ல, கொஞ்சம் கேட்டுவிட்டு, "அது சரி," என்றாள். "நான் சொன்னா ஏறாது. பிளாஸ்டர் சொன்னாத்தான் ஏறுது."

மறுநாளே ஆளைக் கூப்பிட்டு வண்டி வைத்து, ஸ்பிரிட் டப்பாக்கள், அரக்கு, தோய்த்த பஞ்சு, பழைய துணி எல்லாவற்றையும் நாலு தெரு தள்ளித் தச்சுப்பட்டறையின் பின்பக்கத்துக்கு மாற்றினார். அங்கே ஒரு மூலை கேட்டு வாங்கிக்கொண்டார். "என்ன சோடா, தனியா பிரிஞ்சுட்டீங்களா?" என்று தச்சர் கேட்டார். "சோடான்னு கூப்பிடாதீங்க" என்று மட்டும் சொன்னார். தச்சர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். வீட்டுப் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கிற வேலையும், மரத்தின் ஓட்டைகளில் பட்டி அடைக்கிற வேலையும், பிரம்பு பின்னுகிற வேலையும் மட்டும் மிச்சம் வைத்தார். தரையைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார். தகரத்தை ஒரு பக்கம் தூக்கிக் கட்டிக் காற்று வர வழி செய்தார். மனைவி சமையலறைக் கதவைக் கழுவித் துடைத்தாள்.

வாரக் கடைசியில் போய்த் தம்பியை அழைத்து வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் லாரிக்காரர் கையாட்டினார். வீட்டில் அண்ணியைப் பார்த்ததும் சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். "உள்ள வாங்க, டீ ஆறுது" என்று அவள் ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் கடத்திவிட்டாள்.

பிறகு அவன் பட்டறையைப் போய்ப் பார்த்தான். டப்பா இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை மட்டும் இருந்தது. எவ்வளவு கழுவியும் போகவில்லை. சின்னவன் அதன் மேல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு நாற்காலிக் காலை எடுத்து உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தான். கை நடுங்கியது. தேய்ப்பது நிற்கவில்லை.

இந்த மாற்றம் நிலைக்குமா, இவன் நிற்பானா என்று அண்ணனுக்குத் தெரியாது. ஆராய்ச்சிக்கார அம்மாளுக்கும் தெரியாது. பெயரில்லாத குழாய்களில் அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் இவன் இந்த முக்காலியில் இன்றைக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். நாளைக்கும்.

அன்று டீ குடித்ததும் தச்சுப்பட்டறைக்குப் போய் வேலையை முடித்துவிட்டு வெயில் சாயும் நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்தார். சந்தில் இருக்கும் குழாயடியிலேயே நின்று சோப்பு போட்டுக் கை கால் முகம் கழுவினார். வேலைச் சட்டையைக் கழற்றிச் சுவருக்கு வெளியே ஆணியில் மாட்டினார். கொண்டுபோயிருந்த வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டறைக் கதவைத் தள்ளினார்.

சின்னவன் நிமிர்ந்து பார்த்தான். மூக்கு லேசாக விரிந்தது. பழைய பழக்கத்தில் அண்ணன் என்ன சொல்வாரோ என்று கண் ஒரு கணம் தயங்கியது.

"வாசம் வருதாடா?" என்று கேட்டார் அண்ணன்.

சின்னவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு உண்மையைச் சொன்னான்.

"வருதுண்ணே. உன் தலைமுடியில."

"சரி" என்று அவர் கதவைச் சாத்திவிட்டு மறுபடி குழாயடிக்குப் போனார்.